நான் கீறினது போகும் என்றார்கள்

போன கிழமை சுன்னாகம் சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். வாழைக்குலை ஏலம் போடுகிற பக்கத்தில் கொஞ்சப் பெடியளும் பெட்டையளும் நிலத்தில் குந்தியிருந்து, மடியில் பலகை வைத்துப் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். இப்போது இது ஒரு பழக்கமாம். சந்தை, தேர்த் திருவிழா, மாட்டு வண்டிச் சவாரிப் போட்டி என்று சனம் கூடுகிற இடமெல்லாம் போய், கண்ணால் காண்கிறதை அங்கேயே இருந்து கீறுகிறார்களாம். அதில் ஒரு பெட்டை என்னை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து ஒரு கோடு இழுத்தாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். நான் சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"அம்மம்மா, வெக்கப்படாதேங்கோ. நல்ல வடிவாய்த்தான் இருக்கிறியள்" என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படுகிற வயதும் இல்லை. வாங்க வந்த முருங்கைக்காயை வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

என் வயதொத்தவர்கள் இதைப் படித்தால் அந்தக் காலம் அவர்களுக்கும் நினைவு வரும் என்றுதான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதி முடிக்க எனக்கு மாசக்கணக்காகும். ஆகட்டும். எழுத்து எனக்கு இன்றைக்கும் ஒவ்வொன்றாகக் கீறுகிற மாதிரித்தான். ஆனால் எழுத்து வராத கைக்கு வேறொன்று வந்தது. ஒரு ஆட்டைப் பார்த்தேனென்றால் அது எந்தக் காலில் பாரத்தை வைத்து நிற்கிறது, எந்தக் காது கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்பது கைக்குள்ளே வந்துவிடும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். யாரும் சொல்லித் தந்ததில்லை.

தெல்லிப்பழைக்கு அங்காலே எங்கள் ஊர். ஐயா தோட்டம் செய்தார். செம்பாட்டு மண். மழைக்காலம் கால் முழுக்கச் சிவப்பு, கோடைக்காலம் மூக்கு முழுக்கச் சிவப்பு. ஐயாவின் தம்பி, என் சின்னையா, எங்களோடுதான் இருந்தார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது புருவமெல்லாம் நரைத்த கிழவன் மாதிரி இருப்பார். கிணற்றடியில் இரண்டு வாளி வார்த்தால் இளந்தாரி ஆகிவிடுவார். கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அவருக்கு மனசெல்லாம் மாட்டில். சவாரி மாடு ஒரு சோடி வைத்திருந்தார். இரண்டும் வெள்ளை. ஒன்று பழகிய மாடு. மற்றது அந்த வருஷம் புதிதாக வாங்கின நாம்பன். இளங்காளை, கண்ணைச் சுற்றி மை தீட்டினது போலக் கறுப்பு.

எனக்குக் கடதாசி தந்தவர் சின்னையாதான். சீமெந்துப் பை உங்களுக்குத் தெரியுமே, கடதாசி அடுக்கடுக்காக இருக்கும். வெளி அடுக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கிற நல்ல கடதாசியை வாசல் படலையில் அடித்துத் தூசு போக்கி, கத்தியால் கிழித்துத் தருவார். மண்ணிறமாக, கொஞ்சம் முரடாக இருக்கும். முருங்கைக் கொப்பை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து எடுத்தால் மெத்தென்ற கரி கிடைக்கும். அந்தக் கடதாசியில் அந்தக் கரி பிடிக்கிற பிடி வேறு எதிலும் இல்லை. அடிபட்ட சீமெந்து வாசமும் கரி வாசமும் சேர்ந்து விரலில் இருக்கும். சோறு தின்னும்போதும் மணக்கும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், தைப்பொங்கல் முடிந்து சவாரி தொடங்குகிற காலம். சந்தை நாளில் அம்மா கடகத்தில் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் நிரப்பிக்கொண்டு போவா. நானும் போவேன். அம்மா சாக்கு விரித்துக் குந்துவா. நான் பின்னாலே மதிலோடு சாய்ந்திருந்து, கண்ணில் படுகிறதைக் கீறுவேன். காலில் கட்டுப்போட்டுத் தலைகீழாகத் தொங்குகிற சேவல். ஆடு வாங்க வந்தவர் அதன் வாயைப் பிளந்து பல்லுப் பார்க்கிறது. மாடு விற்கிறவனும் வாங்குகிறவனும் சால்வையைப் போர்த்து அதற்குள்ளே விரல் பிடித்து விலை பேசுகிறது. அதில் விலை தெரியாது, ஆனால் சால்வை அசைகிற அசைவில் யார் விட்டுக்கொடுக்கிறான் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் கீறுவேன்.

அந்தச் சந்தையில் ஒரு மாட்டுத் தரகர் இருந்தார். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடங்களைப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லுகிறவர். முதுகில் இராசசுழி இருந்தால் கண்ணை மூடி வாங்கலாம் என்பார். பாடைச்சுழி இருந்தால் வீட்டில் சாவு விழும், தறியில் கட்டவே கூடாது என்பார். அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. சின்னையாவின் நாம்பனையும் அவர்தான் இராசசுழி காட்டி வாங்கிக் கொடுத்தவர்.

ஒருநாள் ஒரு கிழவர், விலைப்படாமல் சந்தைக்குச் சந்தை கொண்டுவந்து கொண்டுபோகிற, குட்டி போடாத மறியாடு ஒன்றோடு நின்றார். நான் அதைக் கீறினேன். கீறி முடிக்கவும் ஒருவர் வந்து வாங்கிப்போகவும் சரியாக இருந்தது. தரகர் அதைக் கண்டுவிட்டார்.

"இஞ்சை பாருங்கோடா, பிள்ளை கீறின உடனை ஆடு வித்துப் போச்சுது. கைராசிக்காரி" என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சந்தையில் பகிடி நெடுநேரம் பகிடியாக இருக்காது. அடுத்த சந்தைக்கே ஆட்கள் வரிசையில் வந்தார்கள். "மோனை, என்ரை கிடாயை ஒருக்காக் கீறிவிடு." "இந்தப் பேட்டுக்கோழியைக் கீறு பிள்ளை, உனக்குப் பனங்கட்டிக் குட்டான் வைச்சிருக்கிறன்." நானும் கீறினேன். விற்கக் கொண்டுவந்தது விற்கத்தானே போகும், அதற்குத்தானே சந்தை. ஆனால் போனதெல்லாம் என் கையால் போனது என்றார்கள். போகாததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவா. மிளகாய் வெடித்து எல்லோரும் தும்முவோம். சின்னையா மட்டும் தும்மிக்கொண்டே சிரிப்பார்.

"அண்ணி, உங்கடை மோளை வைச்சு நான் என்ரை கலியாணத்தை முடிக்கப்போறன். பொம்பிளை வீட்டுக்காரருக்கு என்னைக் கீறிக் காட்டினா உடனை வித்துப்போவன்."

"வாயைக் கழுவும்" என்று அம்மா சொன்னா. சிரிக்கவில்லை.

கோழி விற்கிற மனிசி ஒருத்தி கடற்கரைப் பக்கத்திலிருந்து வருவாள். இடுப்பில் ஒரு குழந்தை. தவழுகிற பருவம், கொழுகொழுவென்று இருக்கும், கையைச் சப்பிக்கொண்டே கோழிகளோடு கதைக்கும். ஒருநாள் கோழியெல்லாம் விற்று முடிந்து அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். "என்ரை ராசாவையும் ஒருக்காக் கீறன் பிள்ளை" என்று எனக்கு முன்னால் குழந்தையை இருத்தினாள். அம்மா "வேண்டாம்" என்றா. "ஏன் அக்கா, நான் உவனை விக்கவோ போறன்?" என்று அவள் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

கீறினேன். அந்தக் குழந்தையைக் கீறினது எனக்கு இன்றைக்கும் கைக்குள் நிற்கிறது. குழந்தை நிமிர்ந்து இருக்கவில்லை. ஒரு பக்கம் சரிந்து சரிந்து போயிற்று. கண் என்னைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. கையை வாயில் வைத்திருந்தது, சப்பவில்லை. நான் அப்படியே கீறினேன். தாய் பார்த்துவிட்டு, "நித்திரை வருகுது அவனுக்கு" என்றாள்.

அடுத்த சந்தைக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த சந்தையிலும் காணோம். பிறகு செய்தி வந்தது. குழந்தைக்குக் காய்ச்சலாம், பரியாரி தந்த மருந்து கேட்கவில்லையாம், போய்விட்டதாம்.

அன்றைக்கு அம்மா சாக்கு விரித்தபோது, பக்கத்தில் வெங்காயம் வைத்திருந்தவள் எழுந்து தன் சாக்கை இழுத்து அங்காலே போட்டாள்.  ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டை மறுபக்கம் திருப்பிப் பிடித்தார்கள். ஒரு தாய் நடந்து போகும்போது தன் பிள்ளையின் கண்ணைத் தன் கையால் பொத்தினாள். பிள்ளை என்னைப் பார்க்காமல் இருக்கவா, நான் பிள்ளையைப் பார்க்காமல் இருக்கவா என்று எனக்கு விளங்கவில்லை.

தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கீறினது போகும் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

அவர் சொன்னது கைராசி என்று. இப்போது அது அவர் வாயிலேயே வேறொன்றாகிவிட்டது. அவரைத் தவிர யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததோ என்னவோ.

சந்தை கலைகிற நேரம் கோழிக்காரி வந்தாள். கோழி இல்லை, கடகம் இல்லை. இடுப்பு வெறுமையாக இருந்தது, ஆனால் குழந்தையைத் தாங்கின பக்கம் இன்னும் சரிந்தே நின்றாள். சனமெல்லாம் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அம்மா எழுந்து என்னை மறைத்துக்கொண்டு நின்றா.

"அக்கா, அவன்ரை படத்தைத் தாங்கோ" என்றாள்.

அம்மா கடகத்துக்குள் தேடி எடுத்துக் கொடுத்தா. அவள் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். செய்வினை செய்யத்தான் கொண்டுபோகிறாள் என்று சந்தை முழுக்கக் கதை. வீட்டிலும் அதே கதை. ஐயா ஒரு சாமியாரிடம் போய் எனக்கு நூல் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் விளங்கியது, அவளிடம் அந்தக் குழந்தையின் முகம் வேறு எதிலும் இருந்திருக்காது. அவ்வளவுதான்.

ஐயா கரியைத் தொடக்கூடாது என்றார். சின்னையா கொண்டுவந்த கடதாசியைச் சுருட்டி, கூரைக்குக் கீழே தொங்குகிற அசைவில் ஏற்றினார். சந்தைக்கும் போகக்கூடாது. சந்தைக்குப் போகாவிட்டாலும் சொல் வீட்டுக்கு வந்தது. கிணற்றடியில் தண்ணீர் அள்ள வருகிற பெண்டுகள் நான் வந்தால் வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். பள்ளிக்கூடம் போகிற பெட்டையள் வேலிக்கு அங்காலே நின்று, "எங்களைக் கீறாதை, எங்களைக் கீறாதை" என்று பாட்டாகப் படித்துக்கொண்டு ஓடினார்கள். சின்னையாவுக்குப் பேசிய பொம்பிளை வீட்டிலிருந்து, இப்போதைக்குப் பார்க்கலாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. என்ன காரணம் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

அன்றைக்குச் சின்னையா முதல்முறை ஐயாவுக்கு முன்னால் குரல் உயர்த்தினார்.

"அண்ணை, நீங்களும் சேர்ந்து பிள்ளையை ஒளிச்சு வைச்சா, ஊர் சொல்லுறது சரி எண்டுதானே ஆகும்."

"வேறை என்னடா செய்யச் சொல்லுறாய்?"

"சவாரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. முழுச் சனத்துக்கும் முன்னாலை என்னையும் என்ரை மாட்டையும் உவள் கீறட்டும். கீறின கையோடை நான் வண்டிலை ஓட்டிக் காட்டுறன். அதுக்குப் பிறகு ஆர் வாய் திறக்கினம் எண்டு பாப்பம்."

"விசர்க்கதை கதையாதை தம்பி."

"விசர்க்கதை ஊர்தான் கதைக்குது."

ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. வேண்டாமென்று அவவும் சொல்லவில்லை. பெண்பிள்ளைக்கு இப்படியொரு பெயர் வந்தால் அது கலியாணம், பிள்ளைப்பேறு, பேரப்பிள்ளை என்று எத்தனை வருஷம் பின்னாலே வரும் என்று அவவுக்குத் தெரியும். சின்னையா அதைத்தான் நிறுத்தப் பார்த்தார். அதை நான் அன்றைக்கு அறியவில்லை. மறுபடியும் கரி தொடலாம் என்ற சந்தோஷம் மட்டும்தான் எனக்கு.

சவாரி நடந்தது கடலேரிப் பக்கத்துத் தரவையில். காய்ந்து வெடித்த வெளி. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒலிபெருக்கி பூட்டி, தேத்தண்ணிக் கொட்டில் போட்டிருந்தார்கள். ஐஸ்பழக்காரன் பெட்டியில் தட்டிக்கொண்டு திரிந்தான். எங்கும் சாணியும் புழுதியும் வெடிமருந்தும் மணந்தது. காற்றே இல்லை. கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மாடுகள் காரணமில்லாமல் தலையை ஆட்டின.

சின்னையா வண்டிலைப் பூட்டிக் கொண்டுவந்து நடுவெளியில் நிறுத்தினார். வெள்ளைச் சோடி, கொம்பில் சிவப்புத் துணி. சாக்கொன்றை விரித்து என்னை இருத்தினார்.

"பாருங்கோ எல்லாரும், எங்கடை பிள்ளை கீறப் போறாள். விரும்பினவை கிட்ட வாங்கோ, பயந்தவை தள்ளி நில்லுங்கோ" என்று சத்தமாகச் சொன்னார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சனம் வட்டமாக நின்றது. யாரும் எனக்கு முன்னால் நிற்கவில்லை, எல்லோரும் முதுகுப் பக்கம். சின்னையா நுகத்தில் கை வைத்து, மாடுகளுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

நான் கீறத் தொடங்கினேன். கன நாளைக்குப் பிறகு கரி கையில். முதலில் நுகம். பிறகு சின்னையாவின் தோள், சிரிக்கிற வாய், முழங்கைக்கு மேலே மடித்துவிட்ட சட்டைக் கை. பழகிய மாட்டின் கழுத்து. பிறகு நாம்பன். திமில், முதுகுச் சுழி, அடிவயிறு. முன்னங்கால்.

முன்னங்கால் நிலத்தில் நிற்கவில்லை. குளம்பின் நுனி மட்டும் மண்ணில் பட்டிருந்தது. பாரமெல்லாம் மற்றக் காலில். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், காலை மாற்றும் என்று. மாற்றவில்லை. கண்டதைக் கீறினேன்.

தரகர் என் தோளுக்கு மேலால் குனிந்தார். வெற்றிலை மணம் வந்தது.

"சுழியைப் பாருங்கோ, எவ்வளவு வடிவாய்க் கீறியிருக்கிறாள். இராசசுழி படத்திலைகூடத் தெரியுது. காலைத்தான் கோணலாக்கிப் போட்டாள்."

"அது அப்பிடித்தான் நிக்குது" என்றேன்.

சிரித்தார்கள். "தரகரை விட உவளுக்குத்தான் மாடு தெரியும்" என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கும் முன்னே பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது. சிரிப்பில்லாத குரல்.

"பூட்டினதை அவிழ் தம்பி. பெட்டை காலைக் கீறிப்போட்டாள். கால் போச்சுது."

வட்டம் ஓரடி பின்னுக்குப் போனது. ஒலிபெருக்கி மட்டும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சின்னையா வந்து படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு போய் நாம்பனுக்குப் பக்கத்தில் குந்தி, தோளிலிருந்து கையை மெல்ல வழித்துக்கொண்டு குளம்பு வரை வந்தார். ஓரிடத்தில் மாடு வெடுக்கென்று காலை இழுத்தது. கை அங்கேயே நின்றது. தரகர் வேறு பக்கம் பார்த்தார்.

ஐயா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, வேண்டாம். அவிட்டுப்போட்டு வா, வீட்டை போவம்."

"இப்ப அவிட்டா, அண்ணை, உவள் கீறித்தான் கால் போனது எண்டு ஆயுசுக்கும் சொல்லுவினம்."

"சொன்னாச் சொல்லட்டும்."

"எங்கடை பிள்ளையெல்லோ" என்றார் சின்னையா.

எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தார். வண்டிலில் ஏறப் போகும்போது என்னிடம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "சரியாத்தான் கீறியிருக்கிறாய்."

அதை நான் இத்தனை வருஷம் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் நம்பியிருக்கமாட்டார்கள். நம்பியிருந்தால் அது இன்னும் கொடுமை. தெரிந்துகொண்டுதான் ஏறினார் என்று ஐயா அறிந்திருந்தால் அவர் அதற்குப் பிறகு சோறு தின்றிருக்கமாட்டார்.

வெடி போட்டார்கள். புழுதி எழுந்தது. நான் இருந்த இடத்திலிருந்து மாடு தெரியவில்லை, சின்னையாவின் தலை மட்டும் புழுதிக்கு மேலே தெரிந்தது. அவர்தான் முன்னுக்கு. சனம் கத்தியது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தா, நகம் பதிந்தது. பாதிவழியில் அந்தத் தலை ஒரு பக்கம் சரிந்து கீழே போனது. பின்னால் வந்த வண்டில் நிற்கவில்லை. நிறுத்த முடியாது.

காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். கார் தரவையை விட்டுத் தார் ரோட்டில் ஏறவே உயிர் போய்விட்டது.

செத்த வீட்டில் என்னைக் கடைசி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சின்னையாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பெட்டி எடுக்கும்போது அம்மா என்னைத் தூக்கிக் கொண்டுவந்தா, ஆனால் ஒரு பெண் என் முகத்தைப் பிடித்து அம்மாவின் தோளுக்குள் திருப்பிவிட்டாள். சீலை மணத்துக்குள் பறை கேட்டது. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிவதற்குள் ஐயா அசைவிலிருந்த கடதாசியெல்லாம் இறக்கி, சவாரி அன்று கீறின படத்தையும் சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் உப்பும் மிளகாயும் போட்டு எரித்தார். சீமெந்துக் கடதாசி லேசில் எரியாது. புகைந்துகொண்டே கிடந்தது.

கீறினதால் கால் போனது என்றார்கள். ஒருவர்கூட, போன காலைத்தான் பிள்ளை கீறினாள் என்று சொல்லவில்லை. இப்படியும் இருக்கலாம் என்று நினைக்கிறதற்கு அங்கே யாருக்கும் இடமிருக்கவில்லை. இருந்திருந்தால் ஒருவேளை நாம்பனின் காலைப் பார்த்திருப்பார்கள், சுழியை விட்டுவிட்டு.

ஒரு மாசம் கழித்து அந்தியேட்டிக் கிரியை வந்தது. அன்றைக்குத்தான் ஐயாவுக்கு உறைத்தது, மாலை போட்டுக் கும்பிடச் சின்னையாவின் படம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் கலியாணம் கட்டினால்தான் ஸ்ரூடியோவுக்குப் போவது. இருந்த ஒன்றையும் ஐயா தன் கையாலே எரித்துவிட்டார். விடியவே முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். பிறகு ஒரு நல்ல வெள்ளைக் கடதாசி வாங்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். அடுப்பிலிருந்து கரியும் அவரே கொண்டுவந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"செத்தவனைக் கீறினா இனி என்ன வரப்போகுது. கீறு" என்றார்.

சொல்லிவிட்டுப் படலைக்கு வெளியே போய்விட்டார். வந்திருந்த இனசனமெல்லாம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அகப்பையை வைத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் ஒழுங்கையில், வேலிக்கு அங்காலே நின்றார்கள். கிடுகு ஓட்டைகளில் சீலை நிறங்கள் தெரிந்தன. முற்றத்தில் நானும் கொதிக்கிற உலையும்.

மெல்லக் கீறினேன். பார்க்க அவர் இல்லை, ஆனால் கைக்குள் இருந்தார். புருவம், சிரிக்கிற வாய், மடித்த சட்டைக் கை. முடிந்ததும் ஐயாவைக் கூப்பிட்டேன். ஐயா வந்து படத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "அவன்தான்" என்றார். பிறகு அந்தக் கடதாசியை முகத்தோடு வைத்துக்கொண்டு குந்திவிட்டார். கரி அவர் கன்னத்தில் ஒட்டியது.

மற்றவர்கள் உள்ளே வரவில்லை. என் கையில் இன்னும் கரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒழுங்கையிலேயே நின்றார்கள்.

அப்போதுதான் அம்மா வந்தா. நேரே வந்து எனக்கு முன்னால் மண்ணில் குந்தினா. சமைத்த கை ஈரமாக இருந்தது. கடையில் அந்த வெள்ளைக் கடதாசியைச் சுற்றிக் கொடுத்த தாளை எடுத்து என் மடியில் வைத்தா.

"இப்ப என்னைக் கீறு."

"இஞ்சரப்பா, எழும்பு" என்றார் ஐயா.

"ஒராளெண்டாலும் இருந்து காட்டத்தானே வேணும். நான் பெத்தது. கீறு பிள்ளை."

 நான் கரியை எடுத்து, கீறுகிறதற்குப் பார்க்கிற மாதிரி அம்மாவைப் பார்த்தேன். நெற்றி. இமை. இமைக்குக் கீழே கொஞ்சம் வீக்கம். கன்னம் ஒரு பக்கம் மற்றதை விட இறங்கியிருந்தது. அழுததாலா, நித்திரை இல்லாததாலா, வேறு ஏதாலுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் தெரிந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது. குழந்தை சரிந்து சரிந்து போனபோது இப்படித்தான் கைக்குள் வந்தது. குளம்பும் இப்படித்தான் வந்தது.

கீறினால் போகும் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. ஆனால் கீறுகிறதென்றால் பார்க்க வேண்டும். பார்த்தால் கண்டுவிடுவேன்.

கரியைக் கீழே போட்டு மிதித்தேன்.  அம்மா எழுந்து சீலையைத் தட்டிவிட்டு உலையைப் பார்க்கப் போனா. சனம் ஒவ்வொருவராக உள்ளே வந்தது. மாலை போட்டுப் பூசை நடந்தது.

அதன் பிறகு நான் கரி தொட்டதில்லை. என்னைக் கட்டியவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் தூர ஊரிலிருந்து வந்தவர். அம்மா கனகாலம் இருந்தா. இடம்பெயர்ந்து போனபோதும் ஒன்றாகப் போனோம், திரும்பி வந்தபோதும் ஒன்றாக வந்தோம். ஒரே குசினியில் சமைத்தோம், ஒரே பாயில் படுத்தோம். அவவின் கை எனக்குத் தெரியும், நடை தெரியும், இருமல் தெரியும். கதைக்கும்போது நான் அரிசியைப் பார்ப்பேன், அடுப்பைப் பார்ப்பேன், அவவின் தோளுக்கு அங்காலே நிற்கிற பனையைப் பார்ப்பேன்.

கடைசிக் காலத்தில், படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு நான் கஞ்சி பருக்கும்போது ஒருநாள் கேட்டா: "என்ரை முகத்தைப் பார்க்க உனக்கு என்னடி பயம்?"

"ஒரு பயமும் இல்லை அம்மா" என்று சொல்லி, கரண்டியைப் பார்த்துக்கொண்டு அடுத்த வாய் கொடுத்தேன்.